மூன்றாவது பொட்டலம்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் நான் கடவுளாக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். சிராங்கூன் ரோட்டில் எங்கள் வட்டாரத்து அம்மன் கோயில். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். சந்நிதிக்கு முன்னால் ஒரு தாம்பாளம். அதன் மேல் நீட்டியபடி என் வலது கை. அந்தக் கை என்ன செய்யப் போகிறது என்பதில் ஒரு மனிதனின் மிச்ச வாழ்வு தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீஸில் துரை மணி அடித்தால் ஓடுகிற, கணக்கெழுதும் சாதாரண கிராணி நான். என்னிடம் இவ்வளவு பெரிய பொறுப்பை யாராவது கொடுப்பார்களா? கத்தரிக்காய் வாங்கி வரும் பொறுப்பையே என் வீட்டில் என்னிடமிருந்து பிடுங்கி வெகுநாள் ஆகிறது.

விஷயம் இதுதான் — பூப்போட்டுப் பார்ப்பது. உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு வாழை இலைத் துண்டு. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. வீட்டுப் பெண் குளித்துவிட்டுப் பறித்து, ஒரே மாதிரி மடித்து, நார் போட்டுக் கட்டிக் கொண்டுவர வேண்டும். எது எதுவென்று பூசை செய்கிற பண்டாரத்துக்கும் தெரியக் கூடாது. மனசில் கேள்வியை நினைத்துக்கொண்டு நிற்க வேண்டியது. யாராவது ஒருவர் ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். பிரித்தால் வெள்ளையா? அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பா? வேண்டாம் என்கிறாள். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் அம்மனைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கிணற்றடியில் போட்டுவிட வேண்டும். எங்கள் கோயில் வழக்கம் இது.

இந்த வழக்கத்தை எங்கள் வட்டாரத்திலேயே அதிகம் நம்புகிறவர் பால்கார பொன்னுசாமி. எருமைக் கொட்டகைகள் நிறைந்த சந்தில் அவருக்கும் ஒரு கொட்டகை, பின்பக்கம் வீடு. தங்கமான மனுஷர். பாலில் தண்ணீர் கலப்பதுகூட மனசாட்சிக்கு உட்பட்டுத்தான். ஆனால் பூ கேட்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். எருமை வாங்க, எருமை விற்க, கூரை மாற்ற, மீசையை எடுக்க... எல்லாவற்றுக்கும் பூ. ரோட்டில் டிராம் ஓட ஆரம்பித்ததும் அதில் ஏறலாமா என்று கேட்டார். சிவப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து டவுனுக்குப் போவதென்றால் டிராம் பக்கத்திலேயே வேர்க்க விறுவிறுக்க நடந்து போவார். டிராமில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கையும் காட்டுவார்.

"ஏன் அண்ணே, இதுக்கெல்லாமா ஆத்தாவைத் தொந்தரவு பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கிராணியாரே, நானா முடிவு பண்ணித் தப்பாப் போச்சுன்னா யாரைத் திட்டுறது?"

நியாயம்தானே? பாலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி வேலுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பொன்னுசாமியின் ஒரே தம்பி. மாட்டு வண்டி ஓட்டுகிறவன். அண்ணனும் தம்பியும் பேசி வருஷங்கள் ஆகின்றன. சண்டைக்குக் காரணம் சொத்தா, பெண்ணா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. பக்தி.

அவர்கள் அப்பா முருகனுக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். எடுப்பதற்குள் பக்கவாதம் வந்து படுத்து, போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் காவடியை யார் எடுப்பது? "மூத்தவன் நான்" என்றார் பொன்னுசாமி. "அப்பா கடைசியா என்கிட்டதான் சொன்னாரு" என்றான் வேலு. பூப்போட்டார்கள். பூ அண்ணன் பக்கம் வந்தது. "எங்கப்பா சொன்னது எனக்குத் தெரியும், பூவுக்கு என்னய்யா தெரியும்?" என்று வேலு கேட்டுவிட்டான். தைப்பூசத்தன்று ஊர்வலம் டேங்க் ரோட்டுக் கோயிலை நெருங்குகிற நேரம்... டோபி காட் பக்கத்தில் தம்பி குறுக்கே வந்து காவடியில் கை வைத்தான். அண்ணன் விடவில்லை. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு, வண்ணார்கள் புல்லில் உலர்த்தியிருந்த வெள்ளை வேட்டிகள் மேல் உருண்டார்கள். காவடி முறிந்தது. மயிற்பீலி ரோடெல்லாம் பறந்தது. முருகனுக்கு அன்றைக்குக் கிடைத்தது காவடி அல்ல, வேடிக்கை. வேட்டி துவைத்தவர்கள் இரண்டு பேருக்கும் பாரபட்சம் இல்லாமல் அடி கொடுத்தார்கள்.

அன்றோடு சரி. "ஆத்தா வாக்கை மிதிச்சவன் என் தம்பியே இல்லை" என்றுவிட்டார் பொன்னுசாமி. அப்பாவின் நேர்ச்சையோ இன்றுவரை அப்படியே நிற்கிறது.

போன வெள்ளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஊரிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் எங்கள் வட்டாரத்து மண்டபத்தில் 'ஆத்மாவைப் போஷிப்பது எப்படி?' என்று எங்களுக்கெல்லாம் எடுத்துச் சொன்னார். உடம்புக்குச் சோறு போல ஆத்மாவுக்குப் பக்தி வேண்டும், தானே முடிவெடுக்கிற சுயசித்தம் வேண்டும், தயை வேண்டும் என்றார். நன்றாகத்தான் பேசினார். நான் பக்திவரை விழித்திருந்தேன். தயைக்கு வந்தபோது விசும்பல் சத்தம் கேட்டு எழுந்தேன். முன்வரிசையில் பொன்னுசாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தால், ஏழைகள் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸர் என் தோளைத் தொட்டார்.

"கிராணி, அந்தப் பால்காரர் தம்பி எங்ககிட்டதான் கெடக்கான். தெரியுமா?"

தெரியாது. துறைமுகத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது டிராம் மணிச் சத்தத்தில் மாடு மிரண்டிருக்கிறது. பாரம் ஏற்றிய வண்டிச் சக்கரம் காலில் ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறிவிட்டது. இனி ஆஸ்பத்திரியில் இடமில்லை. சொந்தக்காரர் யாராவது வந்து அழைத்துப் போனால் போகலாம். இல்லாவிட்டால், பிழைக்க வழியில்லாதவன் என்று நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றிவிடுவார்கள்.

"அடுத்த வாரம் செவ்வாக்கிழமை கப்பல். அதுக்குள்ள அண்ணன்காரரை வரச் சொல்லுங்க" என்றார் டிரெஸர்.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அட, கண்ணீர் காய்வதற்குள் தயை காட்ட வாய்ப்பு வந்துவிட்டதே, பொன்னுசாமி ஓடிப் போவார் என்று. கொட்டகைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மனுஷர் எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"காலையா எடுத்துட்டாங்க?"

"ஆமாம் அண்ணே."

"எந்தக் காலு?"

"வலது."

கொம்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "வெள்ளிக்கிழமை ஆத்தாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! கூடப் பிறந்த தம்பி. காலை இழந்து கிடக்கிறான். பொடிநடையாகப் போனால் ஆஸ்பத்திரி. இதற்கு ஒரு கேள்வி, அதற்கு ஒரு வெள்ளிக்கிழமையா? ஆண்டவன் மனிதனுக்குப் புத்தி என்று ஒன்றைக் கொடுத்தால், இவர் அதை இலையில் மடித்து அவனுக்கே திருப்பிக் கொடுக்கிறார். இதையெல்லாம் நான் அவரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்தபடியே, "அப்ப நீங்க போய்ப் பாத்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

அதனால் வியாழக்கிழமை போய்ப் பார்த்தேன்.

வேலு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். போர்வைக்கு அடியில் ஒரு பக்கம் நீளமாக, ஒரு பக்கம் பாதியோடு. அதைப் பார்க்காமல் பேச வேண்டும் என்று நினைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் முதலில் கேட்டது மாட்டைப் பற்றி.

"செவலை நல்லாத் தீனி எடுக்குதாங்கய்யா? மெரண்டது அது தப்பில்லை. அதை யாரும் அடிச்சுடப் போறாங்க."

"நல்லா இருக்கு. அது கிடக்கட்டும்பா. ஊருக்கு அனுப்பறாங்களாமே? அங்கே யார் இருக்கா?"

"ஒரு புளியமரம் இருந்துச்சு" என்று சிரித்தான். "எனக்கு மீசை முளைக்கறதுக்கு முந்தி வந்தவன்யா நான். ஊர்ல போய் யாரு வீட்டு வாசல்ல உக்காருவேன்?"

"அண்ணன் வந்து கூப்பிட்டா?"

சிரிப்பு நின்றுவிட்டது. "சாமி சொல்லியா, தானாவா?"

நான் போர்வை நுனியை நேராக இழுத்துவிட்டேன்.

"பூ கேக்கப் போறாரு, இல்ல? எனக்குத் தெரியும். கேளுங்கய்யா. ஆத்தா சொன்னாளேன்னு அவரு வந்தா, நான் போக மாட்டேன். கப்பல்லயே ஏறிடறேன். நாளைக்கு எருமை வாங்குறதா, தம்பியை வச்சுக்கறதான்னு இன்னொரு பூ போடுவாரு. அவரா வந்து 'வாடா'ன்னாருன்னா..." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அழுகிறவனைப் பார்க்கக் கூடாதென்று நானும் வேறு பக்கம் திரும்பினேன். அங்கே ஒரு சீனக் கிழவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது புரிகிறதா, வெள்ளிக்கிழமை கோயிலில் நான் நின்ற நிலை?

வழக்கமாகப் பொட்டலம் எடுப்பது பண்டாரத்தின் பேத்தி. குழந்தைக்குக் கள்ளம் தெரியாது என்பதால். அன்றைக்குப் பார்த்து அவளுக்கு அம்மை. பண்டாரம் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

"கிராணியார் எடுக்கட்டும். அவருக்குத்தான் இதிலே நம்பிக்கையே கெடயாதே. மனசுலே ஒண்ணும் இருக்காது."

ஒன்றும் இருக்காதா! வெள்ளை வந்தால் அண்ணன் போவார், தம்பி வர மாட்டான். சிவப்பு வந்தும் அண்ணன் போனால் தம்பி வருவான், ஆனால் அண்ணன் போக மாட்டார். 'அம்மா தாயே, மூன்றாவது பொட்டலம் ஒன்று வைத்திருக்கக் கூடாதா?' என்று மனமாரக் கேட்டேன். வாழ்நாளில் அவளிடம் நான் செய்த முதல் பிரார்த்தனை அதுதான். நம்பிக்கை இல்லாதவனை நம்பி ஊரே நிற்க, அவன் நம்பிக்கையோடு நின்ற வேடிக்கையை என்னவென்று சொல்ல?

இன்னொன்றும் செய்தேன். கட்டைவிரலால் இரண்டு பொட்டலத்தையும் லேசாக அமுக்கிப் பார்த்தேன். அரளி நீளமாக இருக்கும், நந்தியாவட்டை தட்டையாக இருக்கும், தெரிந்துவிடும் என்று கணக்கு. ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

சிவப்பு.

கூட்டத்தில் யாரோ "த்சொ" என்றார்கள். பொன்னுசாமி பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவர் மனைவி வள்ளியம்மை பிரிக்காத பொட்டலத்தை எடுத்து மடியில் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் போனார்கள். முடிந்தது கதை என்று நினைத்தேன். எடுத்த கையை அன்று ராத்திரி இரண்டு தடவை கழுவினேன்.

மறுநாள் சனிக்கிழமை, ஆபீஸ் அரை நாள். பால் வாங்கும் சாக்கில் சொம்பை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். பொன்னுசாமி சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி, வாசலில் நின்றார்.

"எங்கே அண்ணே?"

"ஆஸ்பத்திரிக்கு."

"பூ சிவப்பாச்சே?"

"ஆமா." துண்டை உதறித் தோளில் போட்டார். "கிராணியாரே, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? சிவப்பு வரணும்னுதான் வேண்டிக்கிட்டே நின்னேன். சிவப்பு வந்தா, 'ஆத்தாவே வேணாம்னுட்டா, நான் என்ன செய்ய?'ன்னு நிம்மதியா இருந்துடலாம்னு பாத்தேன். வந்துச்சு. ஆனா நிம்மதி வரலை பாருங்க... ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை. அவனைப் போய்ப் பாக்கணும். கூட்டிட்டு வரணும். ஆத்தா கோவிச்சா கோவிச்சுக்கட்டும். சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயில்ல தீ மிதிச்சு மன்னிப்புக் கேட்டுக்கறதா நேந்துட்டேன்."

நான் அசந்துபோனேன். டிராமில் ஏற அம்மனிடம் அனுமதி கேட்ட மனிதர், அம்மன் வாக்கை மீறிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. பால் சொம்பு குறுக்கே வந்ததால் விட்டுவிட்டேன்.

அப்போதுதான் வள்ளியம்மை உள்ளேயிருந்து வந்தாள். சாணி அள்ளிய கையைக் கழுவி முந்தானையில் துடைத்தபடி வந்தவள், மடியிலிருந்து எதையோ எடுத்துக் கணவன் முன்னால் நீட்டினாள். நேற்று எடுத்துப் போன பொட்டலம். வாடிச் சுருங்கியிருந்தது.

"பிரிக்காதே புள்ளே!" என்று அலறினார் பொன்னுசாமி.

பிரித்துவிட்டாள். உள்ளே சிவப்பு அரளி.

நான் அதைப் பார்த்தேன். பொன்னுசாமி அதைப் பார்த்தார். எருமைகூடத் திரும்பிப் பார்த்தது என்றே நினைக்கிறேன்.

"ரெண்டுமே சிவப்புதான்" என்றாள் வள்ளியம்மை. "ஆத்தா ஒண்ணும் சொல்லலை. நான்தான் வேணாம்னேன்."

"அடிப்பாவி! சாமி காரியத்துலயா..."

"சாமியைக் கேட்டீங்க. பண்டாரத்தைக் கேட்டீங்க. இதோ நிக்கறாரே, கோயில் பக்கமே வராதவரு, இவரைக்கூடக் கையை நீட்டச் சொன்னீங்க. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? வெந்நீர் வெக்கறது யாரு? மூத்திரச் சட்டி எடுத்து வெக்கறது யாரு? மாமா வாயிகோணிக் கைகால் விழுந்து கெடந்தாரே, தூக்கி உக்கார வச்சுக் கஞ்சி ஊட்டினது யாரு? நீங்களா, உங்க தம்பியா? அப்ப ஒருத்தரையும் காணோம். அவரு காவடியைத் தூக்க மட்டும் ரெண்டு பேரும் வேட்டி கிழிய அடிச்சுக்கிட்டீங்க!"

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. காவடிச் சண்டையை நான் எத்தனையோ பேரிடம் கைகால் ஆட்டிச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தக் கதையில் இந்தப் பெண்மணி இருந்ததே எனக்குத் தெரியாது.

அம்மனை எதிர்க்கத் துணிந்த மனிதர், வள்ளியம்மையை எதிர்க்க வேண்டும் என்றதும் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சலவை வேட்டி கசங்கியது. போக வேண்டும் என்ற ஆசை முகத்தில் அப்படியே இருக்கிறது, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பிறகு தலையைத் தூக்கினார்.

"நீ என்ன சொல்றே வள்ளி?"

எருமை முதுகில் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். வாளியை நகர்த்தி வைத்தாள். செவ்வாய்க்கிழமை கப்பல். இவள் மாட்டேன் என்றால், தப்பு சொல்ல யாருக்காவது வாய் இருக்கிறதா?

"கட்டிக்கிட்டு வந்து இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கேக்கறீங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணே, ஆஸ்பத்திரில சோறு என்ன போடறாங்க?" என்றாள்.

"கஞ்சிதாம்மா."

"வெறும் கஞ்சியா?"

"உப்புப் போட்டுத்தான் தர்றாங்கன்னு நினைக்கறேன்."

"அவன் மொளகா இல்லாமத் திங்க மாட்டானே" என்றாள். சொன்ன பிறகு தன் மேலேயே கோபம் வந்தது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "தூக்கறது, குளிப்பாட்டறது எல்லாம் நீங்க. சோறு மட்டும் நான். அதுக்குச் சரின்னா போய்க் கூட்டிட்டு வாங்க. இருட்டறதுக்குள்ள வாங்க."

"சரி" என்றார் பொன்னுசாமி. ஒரு பூவும் கேட்காமல், யோசிக்காமல், பட்டென்று.

நான் சும்மா இருக்கலாம்தானே? "அம்மன் ஒண்ணும் சொல்லலைன்னா, தீ மிதிக்க வேண்டிய அவசியமும் இல்லையே அண்ணே?" என்றேன். பொன்னுசாமி முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"நேந்தது நேந்ததுதான். மிதிக்கட்டும்" என்றாள் வள்ளியம்மை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட காட்சியை நான் விவரிக்கப் போவதில்லை. பொன்னுசாமி கட்டில் ஓரத்தில் நின்றார். போர்வையில் காலியாகக் கிடந்த இடத்தில் கை வைத்தார். கையை எடுக்கவில்லை.

"சாமி என்ன சொல்லிச்சு?" என்று கேட்டான் வேலு.

"சாமி ஒண்ணும் சொல்லலைடா."

"பின்னே?"

"நானாத்தான் வந்தேன். உங்க அண்ணியும் சரின்னுட்டா." போர்வையை விலக்கினார். "வாடா வீட்டுக்கு."

இந்தப் பொன்னுசாமி பொய் சொல்லத் தெரியாதவர். அன்றைக்கு அதற்கு அவசியமும் ஏற்படவில்லை பாருங்கள். சாமி நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை.

டிராமில் வந்தோம். பொன்னுசாமிக்கு அதுதான் முதல் டிராம். ஏறும்போது ஒரு கணம் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகில் தம்பி. கண்டக்டர் அவசரப்படுத்தினான். ஏறிவிட்டார். மணி அடித்தபோது வேலு, "இந்தச் சத்தந்தாண்ணே" என்றான். அண்ணன் அவன் காதைப் பொத்தினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

இறங்கி, சந்துக்குள் நடந்தார்கள். தம்பி தோளைக் கட்டிக்கொண்டிருக்க, அண்ணன் எருமைகளுக்கு நடுவே மூச்சு வாங்க நடக்கிறார். வேலு இளைத்திருந்தாலும் வண்டிக்காரன் உடம்பு, கனம் இருக்காதா? கடைகளுக்கு முன்னால் நடைபாதையான அஞ்சடியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த யாரோ ஒருவர், நிஜமாகத்தானா கேலிக்கா தெரியாது, "அரோகரா!" என்று குரல் கொடுத்தார். பொன்னுசாமி நிற்கவில்லை. ஆனால் அவர் கண்ணில் நீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை.

வாசலில் வள்ளியம்மை. வேலுவை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"மொளகாத் துவையல் அரைச்சிருக்கேன். கையைக் கழுவு" என்றாள்.

பிரசங்கியார் சொன்ன மூன்று சத்துணவும் ஒரே தட்டில் பரிமாறப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் அதைச் சமைக்கிறவர் யார் என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். பெரிய பெரிய தருமங்களையெல்லாம் நாம் தீர்மானம் செய்வது வாசலில். அது போய் விழுவது அடுப்படியில். விருந்தாளியைக் கூப்பிடுகிற கருணை நம்முடையது. பாத்திரம் கழுவுகிற கருணை யாருடையது? அது தானாகக் கிணற்றில் ஊறி வருகிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறோம்! கேட்காமல் வாங்குகிற அன்புக்கு அன்பு என்று பெயர் வைத்து ஏமாந்துகொண்டிருக்கிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால் இல்லை என்றுவிடுவார்களோ என்கிற பயம் இருக்கிறதே... அந்தப் பயத்தைத் தாண்டித்தான் பொன்னுசாமி கேட்டார். அம்மனிடம் எத்தனையோ கேள்வி கேட்டவர் வாழ்நாளில் கேட்ட தைரியமான கேள்வி அதுதான்.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். நேற்று பால் வாங்கப் போனால், அண்ணனும் தம்பியும் உச்ச ஸ்தாயியில் இருந்தார்கள். வருகிற பூசத்துக்கு அப்பாவின் காவடியைத் தான்தான் எடுக்கப் போவதாக வேலு.

"ஒத்தைக் கால்லயா?"

"கட்டையை ஊணிக்கிட்டு எடுப்பேன்!"

"மூத்தவன் நான் இருக்கேன்!"

அடுப்படியிலிருந்து வள்ளியம்மையின் குரல் வந்தது. "என்ன, பூ கட்டட்டுமா?"

இரண்டு பேரும் கப்சிப்.

இந்தக் குடும்பத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் என் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், டிரெஸரையும் அழைத்து வருகிறேன், வடை பாயசத்தோடு அமர்க்களப்படுத்திவிடலாம் என்று நேற்றே தாராளமாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

கொஞ்சம் இருங்கள்... வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்.